தெளிந்த நீருக்குள் ஒளிந்திருந்த நோய்: மருத்துவர் ஜான் ஸ்னோவின் வாழ்க்கை

குழாயைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் பிடிக்கிறோம். நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். வாடை ஏதும் வரவில்லை என்றால் குடித்துவிடுகிறோம். நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து நாம் தண்ணீரைச் சோதிக்கும் முறை இதுதான். கண்ணும் மூக்கும் நாவும் நல்லதென்று சொன்னால் அது நல்ல தண்ணீர்.

இந்த மூன்று புலன்களும் ஒருசேர நற்சான்று வழங்கிய நீர், பத்தே நாளில் 500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கதை ஒன்று உண்டு. அந்நீரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர் ஜான் ஸ்னோ என்னும் ஆங்கிலேய மருத்துவர். மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் பயிலும் நம் மாணவர்கள் அவர் பெயரை ஒரு பாடத்தில் கேட்டுவிட்டுக் கடந்திருப்பார்கள். ஏனைய துறை மாணவர்களும் அவரை அறிந்துகொள்வது நல்லது. நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றி யாரிடம், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை கற்றுத் தருகிறது.

எளிய குடும்பத்தின் தலைமகன்

ஜான் ஸ்னோ 1813-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் இங்கிலாந்தின் யோர்க் நகரில் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் ஜான் மூத்தவர். ஊஸ் ஆற்றங்கரையை ஒட்டி, வெள்ளமும் அழுக்கும் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ஏழைகளின் பகுதியில் அவரது பிள்ளைப்பருவம் கழிந்தது. செல்வமோ செல்வாக்கோ இல்லாத குடும்பம். ஆனால் மூத்த மகனின் அறிவுக்கூர்மையை அது அடையாளம் கண்டது. 14-ஆம் வயதில் அவர் நியூகாசல் நகரிலிருந்த வில்லியம் ஹார்ட்கேசல் என்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார்.

1831-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காலரா என்னும் வாந்திபேதி நோய் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் தலைகாட்டியது. அங்கிருந்து அண்டை ஊர்களுக்குப் பரவியபோது, இளைஞர் ஸ்னோ கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 18 வயதுதான். காலையில் நலமாக இருந்தவர் மாலையில் உடல் நீரெல்லாம் வற்றி இறந்துபோவதை அவர் நேரில் கண்டார். சுரங்கத்தின் ஆழத்தில் கழிவறை கிடையாது. கை கழுவ நீர் கிடையாது. அதே கையால்தான் தொழிலாளர்கள் தாங்கள் கொண்டுபோன உணவை உண்டார்கள். இந்தக் காட்சி அவர் மனத்தில் தங்கிவிட்டது. பல்லாண்டுகளுக்குப் பிறகு காலராவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது சுரங்கத் தொழிலாளர்களின் நிலையையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இளமையிலேயே அவர் புலால் உண்பதை விட்டார். மதுவிலக்கு இயக்கத்திலும் சேர்ந்தார். குடிநீரைத் தூய்மைப்படுத்தி அருந்துவதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார். 1836-இல் மருத்துவக் கல்வியைத் தொடர இலண்டன் சென்றார். 1838-இல் அறுவை மருத்துவர் கழகத்தின் தகுதியையும், 1844-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ முதுநிலைப் பட்டத்தையும் பெற்றார்.

மயக்க மருந்தில் கிடைத்த புகழ்

ஸ்னோவுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது தண்ணீர் அன்று, மயக்க மருந்து. 1846-இன் இறுதியில் ஈதர் கொண்டு நோயாளியை மயக்கி அறுவை செய்யும் முறை அமெரிக்காவிலிருந்து இலண்டனை எட்டியது. பலர் அதை மனம்போன போக்கில் பயன்படுத்தினர். ஸ்னோவோ எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈதர் காற்றில் கலக்கும், எவ்வளவு கலந்தால் நோயாளி பாதுகாப்பாக உறங்குவார் என்று அளந்து பார்த்தார். அதற்கான கருவியையும் வடிவமைத்து, 1847-இல் நூலும் வெளியிட்டார். 1853-இல் விக்டோரியா மகாராணியார் இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுத்தபோது குளோரோபாம் கொடுக்க அழைக்கப்பட்டவர் இவரே. 1857-இல் இளவரசி பியட்ரிஸ் பிறந்தபோதும் இவரையே அழைத்தனர்.

அரண்மனை வரை சென்ற மருத்துவர் அந்தப் புகழோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் வாயுக்களைப் பற்றிய அறிவே அவரை ஒரு பெரிய சர்ச்சைக்கு இழுத்துச் சென்றது.

கெட்ட காற்றா, கெட்ட நீரா?

குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்கால அறிஞர்களில் பெரும்பாலோர் நம்பினர். சுகாதாரச் சீர்திருத்தத்திற்குத் தலைமை தாங்கிய எட்வின் சாட்விக்கும் அவ்வாறே நம்பினார். எனவே வீட்டு மலக்குழிகளில் தேங்கிய கழிவைச் சாக்கடை வழியே தேம்ஸ் ஆற்றுக்கு அடித்துச்செல்ல ஏற்பாடு செய்தனர். வீட்டில் நாற்றம் குறைந்தது. ஆனால் நகரின் பல குடிநீர் நிறுவனங்கள் அதே ஆற்றிலிருந்துதான் நீர் எடுத்தன. 1848, 1849-ஆம் ஆண்டுகளில் வந்த காலரா இலண்டனில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

ஸ்னோ வேறு விதமாக எண்ணினார். நோய் காற்றின் வழியே வந்தால் முதலில் நுரையீரலைத் தாக்க வேண்டும். காலராவோ முதலில் குடலைத் தாக்குகிறது. ஆகவே அது விழுங்கப்படும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வாயு தூரம் செல்லச் செல்ல நீர்த்துப்போகும் என்பதும் மயக்க மருந்து ஆய்வால் அவருக்குத் தெரியும். எனவே, நோயாளியின் கழிவு குடிநீரில் கலந்து பிறர் வயிற்றுக்குள் செல்வதே நோய் பரவும் வழி என்று 1849-இல் ஒரு சிறு நூல் எழுதினார்.

மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. இலண்டனின் மருத்துவ இதழ் ஒன்று நியாயமான மறுப்பு ஒன்றை முன்வைத்தது. ஐயத்திற்குரிய நீரைக் காலராவே இல்லாத தொலைதூர இடத்திற்குக் கொண்டுசென்று, அங்கே அதைக் குடித்தவர்களுக்கு நோய் வந்தால்தான் இக்கருத்து மெய்ப்படும் என்பது அதன் வாதம். அப்படியொரு சோதனையை எந்த மனிதன் செய்வான்? ஸ்னோ காத்திருந்தார்.

பிராட் தெருவின் பத்து நாள்கள்

1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இரவு இலண்டனின் சோஹோ வட்டாரத்தில் காலரா வெடித்தது. பிராட் தெருவைச் சுற்றி ஏறக்குறைய 250 கஜ தூரத்திற்குள் பத்து நாளில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓட முடிந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினர். அருகிலேயே குடியிருந்த ஸ்னோ, அந்த வீதிகளுக்குள் நடந்து சென்றார்.

பிராட் தெருவில் பொதுமக்களுக்கான கைப்பம்புக் கிணறு ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீருக்கு வட்டாரத்தில் நல்ல பெயர். தெளிவானது, சுவையானது என்று சொல்லி, பக்கத்திலேயே வேறு பம்பு இருந்தும் இங்கே ஆள் அனுப்பித் தண்ணீர் பிடித்தவர்கள் உண்டு. செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை ஸ்னோ அந்நீரைச் சோதித்தார். பெரிய மாசு எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காது என்று கண்டதும், அவர் இறந்தவர்களின் பட்டியலைத் தேடிப் போனார்.

பதிவாளர் அலுவலகத்தில் 83 மரணங்களின் முகவரிகள் கிடைத்தன. ஏறக்குறைய அனைத்தும் அந்தப் பம்பைச் சுற்றியே இருந்தன. பத்து வீடுகள் மட்டும் வேறு பம்புக்கு அருகில் இருந்தன. அவ்வீடுகளிலும் கதவைத் தட்டி விசாரித்தார். ஐந்து குடும்பத்தினர் எப்போதும் பிராட் தெருத் தண்ணீரையே விரும்பிப் பிடித்தவர்கள். இன்னும் மூன்று வீடுகளில் இறந்தவர்கள், அந்தப் பம்பைக் கடந்து பள்ளிக்குச் சென்ற சிறுவர்கள்.

இறந்தவர்களைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அவர் நின்றுவிடவில்லை. அதே காற்றைச் சுவாசித்தும் பிழைத்தவர்கள் யார் என்றும் கேட்டார். அருகில் இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தனர். காலராவால் இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மது வடிப்பாலையில் 70-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவரும் இறக்கவில்லை. அங்கேயும் தனிக் கிணறு. தொழிலாளர்களுக்கு முதலாளி வழங்கிய பானமும் இருந்தது. அதே தெருவில் துப்பாக்கி வெடிமூடி செய்யும் தொழிற்சாலையில், பம்புத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். சுமார் 200 பேரில் 18 பேர் மாண்டனர்.

பிறகு, 1849-ஆம் ஆண்டின் அந்த மறுப்புக்கு விடையும் தானாக வந்தது. முன்பு பிராட் தெருவில் வாழ்ந்து, பின் ஹாம்ப்ஸ்டெட் என்னும் தூரத்துப் பகுதிக்குக் குடிபோன ஒரு கைம்பெண், பழைய பம்புத் தண்ணீரின் சுவையை மறக்க முடியாமல் வண்டியில் தருவித்துக் குடித்து வந்தார். அவர் செப்டம்பர் 2-ஆம் நாள் காலராவால் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்த உறவுப்பெண்ணும் தம் ஊருக்குத் திரும்பிய பின் இறந்தார். அவ்விருவரின் வட்டாரங்களிலும் அப்போது காலரா இல்லை. எந்த மனிதனும் செய்யத் துணியாத சோதனையை அந்தத் தண்ணீரின் சுவையே செய்துவிட்டது.

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை ஸ்னோ உள்ளூர் நிர்வாகக் குழுவின் முன் தம் கணக்கை வைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கைப்பிடி கழன்றதும் நோய் நின்றது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வார்கள். உண்மையில், மக்கள் ஓடிவிட்டதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. இதை மறைக்காமல் எழுதியவர் ஸ்னோவேதான். தம் வெற்றியை மிகைப்படுத்தாத அந்த நேர்மை அவரது ஆய்வுக்குக் கூடுதல் வலிமை சேர்க்கிறது.

ஒரே தெருவில் இரண்டு தண்ணீர்

பிராட் தெருக் கதை புகழ்பெற்றது. ஆனால் ஸ்னோவின் மிகப் பெரிய உழைப்பு தென் இலண்டனில் நடந்தது. அங்கே சௌத்வார்க்–வாக்ஸ்ஹால், லாம்பெத் என்னும் இரு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக்கொண்டு குழாய் பதித்திருந்தன. பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு நிறுவனத்தின் நீர் வந்தது. முதல் நிறுவனம் நகரக் கழிவு கலந்த பாட்டர்சி பகுதியில் தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852-இல் தன் நீரேற்று நிலையத்தை நகருக்கு மேலே, கழிவு கலவாத தேம்ஸ் டிட்டன் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. இவ்வாறு ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள், தங்களை அறியாமலேயே இரு பிரிவுகளாகப் பிரிந்து நின்றனர்.

ஆனால் தங்கள் வீட்டுக்கு நீர் தருவது எந்த நிறுவனம் என்பதே குடியிருந்த பலருக்குத் தெரியவில்லை. கட்டணம் கட்டியவர் வீட்டுக்காரர். குடித்தவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். ஸ்னோ ஒரு வழி கண்டுபிடித்தார். கடலின் உப்பு ஏறிவரும் கீழ்த் தேம்ஸ் நீரில் உப்பு மிகுதி. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால் அது வெண்மையாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு மரண வீட்டிலும் ஒரு குப்பி நீர் வாங்கி இவ்வாறு சோதித்தார். பெரும்பகுதி வீடுகளுக்கு அவரே நடந்து சென்றார்.

1854-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களுக்கான கணக்கு இது. சௌத்வார்க்–வாக்ஸ்ஹால் நீர் பெற்ற வீடுகள் 40,046; மரணங்கள் 1,263. லாம்பெத் நீர் பெற்ற வீடுகள் 26,107, மரணங்கள் 98. பத்தாயிரம் வீடுகளுக்கு முறையே 315, 37 என்ற விகிதம். ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே மாதிரியான மக்கள். வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. இந்த முடிவுகளை விரித்து 1855-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதற்கு அவர் கையிலிருந்து செலவான தொகை 200 பவுண்டுக்கு மேல். விற்பனையில் திரும்பக் கிடைத்தது சில பவுண்டுகளே.

எதிர்க்க வந்து துணையானவர்

பிராட் தெரு வட்டாரத்தின் இளம் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், பம்பின் மீது சுமத்தப்பட்ட பழியை நம்பவில்லை. அதைப் பொய்யென்று காட்டவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். மக்களை நன்கு அறிந்திருந்த அவரிடம் எல்லாரும் மனம்விட்டுப் பேசினர். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே உண்மை என்று அவருக்கு விளங்கியது.

பம்புக்கு எதிரேயிருந்த 40-ஆம் எண் வீட்டில், நோய் பரவுவதற்குச் சற்று முன்பே ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் நோயுற்று, பின்னர் இறந்ததை அவர் கண்டறிந்தார். குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் மலக்குழியில் ஊற்றியிருந்தார். 1855-இல் தோண்டிப் பார்த்தபோது அக்குழியின் செங்கற்கள் இற்றுப்போயிருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாளில் அக்குழந்தையின் தந்தையும் காலராவில் படுத்திருந்தார். கைப்பிடி மட்டும் பம்பிலேயே இருந்திருந்தால், அவரது கழிவு இரண்டாம் முறையாக அந்தக் கிணற்றை நஞ்சாக்கியிருக்கக்கூடும். கைப்பிடியைக் கழற்றியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

ஏற்கப்படாமலே மறைந்தவர்

இத்தனைக்குப் பிறகும் அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு ஸ்னோவின் கருத்தை 1855-இல் நிராகரித்தது. நீரில் இருக்கும் நோய்க்காரணியை அவரால் எடுத்துக்காட்ட முடியவில்லை என்பது ஒரு குறையாகப் பேசப்பட்டது. அதே 1854-இல் இத்தாலியின் பிலிப்போ பாசினி காலராக் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். அவரையும் உலகம் கண்டுகொள்ளவில்லை.

1858-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், குளோரோபாம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னோவைப் பக்கவாதம் தாக்கியது. 16-ஆம் நாள் அவர் காலமானார். வயது 45. திருமணம் செய்துகொள்ளாதவர். புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழ் சில வரிகளில் மரணச் செய்தி வெளியிட்டது. அதில் காலராவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 155 ஆண்டுகள் கழித்து, 2013-இல் அவ்விதழ் அந்தக் குறையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

அவர் இறந்த அதே கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. அதன் விளைவாக ஜோசப் பசல்கெட்டின் மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்திற்கு வழி பிறந்தது. நாற்றத்தைப் போக்கக் கட்டிய கால்வாய், குடிநீரிலிருந்து கழிவையும் பிரித்தது. 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, கால்வாய்த் திட்டம் இன்னும் முழுமை பெறாத கிழக்கு இலண்டனையே அது கடுமையாகத் தாக்கியது. ஒரு காலத்தில் கெட்ட காற்றை நம்பிய புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார், இம்முறை குடிநீரே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து, கிருமியின் பங்கை உலகறியச் செய்தார். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம், வடிகட்டாத எல்பா ஆற்று நீரைக் குடித்து 8,600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்தது. அதே ஆற்று நீரை வடிகட்டிக் குடித்த பக்கத்து அல்டோனா பெருமளவு தப்பியது. தென் இலண்டனின் பாடம் மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டது.

நம் குழாயின் கைப்பிடி

ஸ்னோ இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1857-இல், சிங்கப்பூரில் தான் கிம் செங் என்னும் வணிகர் நகர மக்களுக்கு இலவசமாக நல்ல குடிநீர் கிடைக்க 13,000 வெள்ளி வழங்கினார். 1864-இல் அவர் மறைந்தபோதும் அந்த நீர் வந்தபாடில்லை. இன்று மெக்ரிட்சி எனப்படும் நீர்த்தேக்கம் 1868-இல்தான் கட்டி முடிந்தது. குழாய்களில் நீர் ஓட மேலும் பத்தாண்டுகள் ஆயின. பணமும் மனமும் இருந்தும் தூய நீர் வந்துசேர எத்தனை காலம் பிடித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்ததால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 இலட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் தடைப்பட்டது. வாளியும் கேனும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் நிலையத்தை மூடியது, பிராட் தெருவில் கைப்பிடியைக் கழற்றியதற்கு ஒப்பான செயல். ஒரே ஆற்றை இலட்சக்கணக்கான வீடுகள் நம்பியிருக்கும்போது, ஐயத்திற்குரிய நீரைத் திறந்துவிடுவதைவிட நிறுத்திவைப்பதே உயிர்காக்கும். நம் கோபம் ஆற்றில் கழிவை ஊற்றியவர்மீதும், அதைத் தடுக்கத் தவறிய கண்காணிப்பின்மீதும் திரும்ப வேண்டும்.

தென் இலண்டன் வாடகைக்காரர்களைப் போலவே நம்மில் பலரும் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்கிறோம். நம் குழாய்க்கு நீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, மேல்மாடித் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீர் பற்றிய அச்சம் எழும்போது வதந்தி பரப்புவதும் எளிது, அதிகாரிகள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதும் எளிது. ஸ்னோ இரண்டையும் செய்யவில்லை. யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கதவைத் தட்டிக் கேட்டார். கிடைத்த விடைகளை எண்ணினார். எண்ணியதை அஞ்சாமல் சொன்னார்.

இன்று பிராட்விக் தெரு என்று பெயர் மாறிவிட்ட அந்த வீதியில், கைப்பிடி இல்லாத ஒரு பம்பு நினைவுச் சின்னமாக நிற்கிறது. அருகிலுள்ள மதுக்கடைக்கு, மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்திருந்த அந்த மருத்துவரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பெயர் எங்கே இருந்தால் என்ன? தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் பட்டம் பெற்று வெளியேறும் நம்மிடம் இருந்தால், அதுவே அம்மருத்துவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.